முள் மீட்டரா, டிஜிட்டல் மீட்டரா?

மின்னழுத்தம் அளக்க எதை எடுப்பது என்று கேட்டால், யோசிக்காமல் டிஜிட்டலையே எடுங்கள். 10 வோல்ட் மூலத்தோடு 100 கிலோஓம் மின்தடை இரண்டைத் தொடராக இணைத்து, ஒன்றின் குறுக்கே அளந்து பாருங்கள். கணக்குப்படி 5 வோல்ட் வர வேண்டும். ஆனால் முகப்பில் வோல்ட்டுக்கு 20 கிலோஓம் என்று போட்டிருக்கும் முள் மீட்டரை 10 வோல்ட் எல்லையில் வைத்தால், அதுவே 200 கிலோஓம் மின்தடையாகப் பக்க இணைப்பில் வந்து உட்கார்ந்துகொள்ளும், முள் 4 வோல்ட்டிலேயே நின்றுவிடும். மீட்டர் பழுது இல்லை, அது தொட்டிருக்கும் வரை அங்கே உண்மையிலேயே 4 வோல்ட்தான்! டிஜிட்டலின் உள்மின்தடை பெரும்பாலும் 10 மெகாஓம் என்பதால் 4.98 வரை வந்துவிடும்.

சரி, அப்புறம் முள் எதற்கு? மாறிக்கொண்டே இருக்கும் அளவைப் பார்க்கத்தான். பெரிய மின்தேக்கி ஒன்று மின்னேறும்போது முதலில் வேகமாகவும் பிறகு சோம்பலாகவும் முள் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், டிஜிட்டலிலோ எண்கள் தாவித் தாவி ஓடும். என்ன, முள்ளை நேர் எதிரே இருந்து பார்க்காவிட்டால் இடமாறு தோற்றப்பிழை வரும், அதாவது முள் அளவுகோலில் சற்றுத் தள்ளி நிற்பதுபோலத் தெரியும்.

மின்னோட்டம் அளக்கையில் இரண்டுக்கும் ஒரே விதி: தொடர் இணைப்பு மட்டுமே. பேட்டரியின் குறுக்கே வைத்தால் ஃபியூஸ் போய்விடும்.