6.4 சிஜிபிஏ, 1,85,000 ரூபாய்: பெங்களூரில் ஏமாந்த கதை

இன்று மதியம் அந்த அலுவலக வாசலில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து எழுதுகிறேன். முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயரைப் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று ரிசப்ஷனில் இருந்த பெண்ணே சிரித்துக்கொண்டு சொல்லி அனுப்பினாள். தெற்கு பெங்களூர், மெட்ரோ ஸ்டேஷன் பக்கம், முதல் மாடி, கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்க உலக வரைபடம். வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் கன்சல்டன்ஸி. இந்த அடையாளத்தோடு இந்த ஊரில் நிறைய இருக்கின்றன. மார்க் குறைவாக இருந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு காலேஜ் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன், அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன பணம் 1,85,000 ரூபாய். அம்மா சீட்டு எடுத்த பணம்.

தம்பி விடியூவில் (கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) சேர்ந்த கல்லூரி ஒன்றில் இன்ஃபர்மேஷன் சயின்ஸ் முடித்தான். சிஜிபிஏ 6.4. எம்-3 கணக்குப் பேப்பரில் இரண்டு முறை அரியர் விழுந்து எழுதியவன். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க ஆசை. அங்கே மார்க்கை நாலுக்கு எத்தனை என்றுதான் பார்ப்பார்கள். ஒரு நாள் ராத்திரி போனில் 6.4-ஐப் பத்தால் வகுத்து நாலால் பெருக்கிப் பார்த்தான். 2.56. அங்கே நிறையப் பல்கலைக்கழகங்களில் மேல்படிப்புக்குக் குறைந்தபட்சம் 3.0 கேட்கிறார்கள். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. அப்பாவும் அவனிடம் பேசுவதை நிறுத்தி நாலு மாதம் ஆகியிருந்தது. இந்த நிலைமையில்தான் அந்த கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம், நானும் அம்மாவும் அவனும்.

உள்ளே எங்களிடம் பேசிய ஆளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நாங்கள் பேசுவதைக் கேட்டதுமே, "தமிழா? எந்த ஊரு?" என்றார். அம்மா திருப்பத்தூர் என்றார். "அட, நான் வாணியம்பாடிம்மா!" அவ்வளவுதான். கீழே தர்ஷினி ஹோட்டலில் இருந்து மூன்று காபி வந்தது. இத்தனை வருஷமாக இந்த ஊரில் இருக்கும் எனக்கு இது கூடத் தெரியாதா என்று இப்போது என்னையே திட்டிக்கொள்கிறேன். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பேசியிருந்தால் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன். தமிழில் பேசினார், ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு ஏ-4 தாளை எடுத்தார். மூன்று ஸ்கெட்ச் பேனா. சிவப்பில் இரண்டு பல்கலைக்கழகம், மஞ்சளில் மூன்று, பச்சையில் மூன்று. மொத்தம் எட்டு. "பச்சையில இருக்கிறது கண்ண மூடிக்கிட்டுக் கிடைக்கும்" என்றார். 2.56 என்று தம்பி மெதுவாகச் சொன்னதும் கையை வீசினார். "அந்தக் கணக்கெல்லாம் போடாத. எவாலுவேஷன்ல நமக்கு ஆள் இருக்கு. 3.2 வரும், நான் ஆச்சு." எவாலுவேஷன் என்றால் நம் மார்க்கை அமெரிக்கக் கணக்குக்கு மாற்றித் தரும் மதிப்பீடு. அப்புறம் அம்மா பக்கம் திரும்பி, "இனிமே வீட்டுல யாரும் மார்க்கைப் பத்திப் பேசாதீங்கம்மா. அது என் தலைவலி" என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பி ஒரு வருஷத்துக்குப் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். அந்த நிமிஷத்துக்குத்தான் 1,85,000 கொடுத்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

அன்றைக்கே பதிவுக் கட்டணம் 25,000 கார்டில் தேய்த்தேன். மீதி 1,60,000 "பேக்கேஜ்". எட்டு விண்ணப்பக் கட்டணம், எஸ்ஓபி (ஏன் படிக்க விரும்புகிறேன் என்று விண்ணப்பத்தோடு வைக்கும் கட்டுரை), சிபாரிசுக் கடிதம், எவாலுவேஷன், விசா வழிகாட்டுதல் எல்லாம் அதற்குள். யூபிஐயில் ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் போகும் என்றதால் முதல் நாள் ஒரு லட்சம், மறுநாள் 60,000. இரண்டாவது தொகையை வேறொரு எண்ணுக்குப் போடச் சொன்னார்கள், அதில் ஒரு பெண் பெயர் வந்தது. "தங்கச்சி, அவங்க எங்க அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவங்க" என்று என்னிடம் சொன்னார். போட்டேன். ரசீது 25,000-க்கு மட்டும்தான் கையில் இருக்கிறது.

விண்ணப்பத்துக்கென்று புது ஈமெயில் அவர்களே திறந்தார்கள். பாஸ்வேர்டு அவர்களிடம். "நீங்க பார்த்து டென்ஷன் ஆக வேண்டாம்." ஜிஆர்இ நுழைவுத் தேர்வு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். பல துறைகளில் அது கட்டாயம் இல்லை என்பது உண்மைதான், ஆனால் மார்க் குறைந்தவனுக்கு கணக்குப் பகுதியில் நல்ல ஸ்கோர் ஒன்று கையில் இருந்தால் பேசுவதற்கு ஏதாவது இருந்திருக்கும். இன்னொன்று. கூடுதலாக 30,000 கொடுத்தால் ஒரு கம்பெனியில் ஒரு வருஷம் வேலை பார்த்ததாக லெட்டர் தயார் செய்கிறோம் என்றார்கள். நல்லவேளை, தம்பி மாட்டேன் என்றான். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நவம்பரில் கேட்டால் "எஸ்ஓபி எடிட்டிங்ல இருக்கு". டிசம்பரில் "அங்க கிறிஸ்துமஸ் லீவு". ஜனவரியில் "போர்ட்டல் அப்டேட் ஆகலை". அப்புறம் "சார் மீட்டிங்ல இருக்கார்", "சார் ஹைதராபாத் போயிருக்கார்", கடைசியில் ப்ளூ டிக் கூட வருவதில்லை. நடுவில் தொந்தரவு தாங்காமல் எஸ்ஓபியின் பிடிஎஃப் ஒன்றை அனுப்பினார்கள். இரண்டாவது பத்தியில், "என் சொந்த ஊரான விஜயவாடாவில் சிறுவயதில் முதல் கம்ப்யூட்டரைத் தொட்டபோது" என்று ஆங்கிலத்தில் இருந்தது. பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவன் என் தம்பி. விஜயவாடாவை அவன் ரயிலில் கூடத் தாண்டியதில்லை.

போன வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த எட்டுப் பல்கலைக்கழகங்களின் அட்மிஷன் அலுவலகத்துக்கும் நானே மெயில் எழுதினேன். தம்பி பெயர், பிறந்த தேதி, விண்ணப்பம் வந்திருக்கிறதா என்று ஒரே கேள்வி. இரண்டு மூன்று நாளில் எட்டுப் பேரும் பதில் போட்டுவிட்டார்கள். ஆறு மாதமாக இவர்கள் சொல்லாததை. ஐந்து இடங்களில் அப்படி ஒரு விண்ணப்பமே இல்லை. மூன்றில் இருக்கிறது, மூன்றிலும் விண்ணப்பக் கட்டணம் தள்ளுபடி. அதாவது எட்டுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒன்றுக்கும் கட்டவில்லை. விண்ணப்பித்த மூன்றும் பச்சை. சேரும் பிள்ளைக்கு இவ்வளவு என்று ஏஜென்ட்டுக்குக் கமிஷன் தரும் காலேஜ்கள் அங்கே உண்டு. பச்சை நிறம் யாருக்குப் பச்சை என்று இப்போது புரிகிறது.

எவாலுவேஷன் கதை இதைவிட மோசம். மதிப்பீட்டு நிறுவனத்துக்கு டிரான்ஸ்கிரிப்ட் என்ற மொத்த மார்க் பட்டியல் பல்கலைக்கழகத்தில் இருந்து நேராகப் போக வேண்டும். எங்களுக்கு அது விடியூ இருக்கும் பெளகாவியில் இருந்து போக வேண்டும், அதற்கு இவர்கள் விண்ணப்பமே போடவில்லை. இன்னொன்றும் தெரிய வந்தது. பாடம் பாடமாகப் பார்த்துத்தான் அவர்கள் மாற்றுகிறார்கள், அப்படி மாற்றும்போது நம் ஊர் மதிப்பெண் பெரும்பாலும் நாலால் பெருக்கி வரும் எண்ணைவிடக் கூடவே வரும். யாருக்கும் கிடைக்கக்கூடிய ஒன்றை "நமக்கு ஆள் இருக்கு" என்று விற்றிருக்கிறார்.

ஒரே ஒரு அட்மிட் வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லை, வணிகத் துறையில் நடக்கும் ஏதோ மேலாண்மைப் படிப்பு. "அங்க போய் மாத்திக்கலாம்" என்கிறார்கள். வேறு துறை என்றால் அந்தத் துறை எடுத்துக்கொண்டால்தான் உண்டு, மார்க்கை மறுபடியும் பார்ப்பார்கள். விசாவுக்காகக் காலேஜ் தரும் ஐ-20 படிவத்தில் படிப்புக்கு ஒரு எண் இருக்கும், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் 11.0701. படித்து முடித்து வேலை பார்க்கும் 12 மாத அனுமதிக்கு மேல் இன்னும் 24 மாதம் கிடைப்பதும் கிடைக்காததும் அந்த எண்ணைப் பொறுத்தது. இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இன்று அந்த ஆள் ஒருவழியாக வெளியே வந்தார். காபி இல்லை. தங்கச்சியாக இருந்த நான் மேடம் ஆகியிருந்தேன். "சர்வீஸ் கொடுத்தாச்சு மேடம், ஒரு அட்மிட் வந்திருக்கே. உங்க தம்பி மார்க்குக்கு இதுவே பெரிசு." மார்க்கைப் பற்றிப் பேசாதீர்கள் என்று சொன்ன அதே வாய். தம்பி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். 1,85,000 கேட்டேன். பதிவுக் கட்டணம் திரும்பத் தர முடியாது, மீதிக்கு ரசீது காட்டுங்கள் என்றார்.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன், மணி பதினொன்றாகிவிட்டது, தலை வலிக்கிறது. முடிந்தவரை. ஈமெயிலும் பாஸ்வேர்டும் பிள்ளையிடமே இருக்கட்டும். 3.0 என்று போட்டிருந்தாலும் அது கட்டாயமா, கடைசி இரண்டு வருஷ மார்க்கைப் பார்ப்பார்களா என்று துறைக்கே எழுதிக் கேளுங்கள், பதில் போடுகிறார்கள். எடுகேஷன் யூஎஸ்ஏ என்பது அமெரிக்க அரசின் ஆலோசனை மையம், பொது ஆலோசனைக்குக் காசு கிடையாது, சென்னையிலேயே இருக்கிறது. கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் கம்ப்யூட்டர் சயின்ஸ் எம்.எஸ். படிப்பில் பழைய மார்க்ஷீட்டே கேட்பதில்லை, குறிப்பிட்ட மூன்று பாடத்தை 3.0 வாங்கி முடித்தால் உள்ளே போகலாம். இது எனக்கு நேற்றுத்தான் தெரியும். பொய் அனுபவ லெட்டர் மட்டும் வேண்டவே வேண்டாம், மாட்டினால் ஆயுசுக்கும் விசா கிடைக்காமல் போகலாம். பணம் போன உடனே தெரிந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930. எங்களுக்கு ஆறு மாதம் கழித்துத்தானே தெரிந்தது, அதனால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். ஐந்து லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை, புகாரை இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும்.

நாளைக்கு லீவு போட்டிருக்கிறேன், சாட் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுக்க வேண்டும். சிவப்பு, மஞ்சள், பச்சை ஸ்கெட்ச் பேனாவில் எழுதிய ஏ-4 தாள் உங்கள் வீட்டிலும் இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். சேர்ந்து புகார் கொடுப்போம்.