நூலக அட்டையும் கோபோவும்: ரொறன்ரோவில் பல ஆண்டு மின்னூல் வாசிப்பு

கனடாவில் மின்னூல் கருவி வாங்க நினைப்பவர்களிடம் நான் முதலில் ஒன்றுதான் கேட்பேன். காசு கொடுத்து வாங்கி வாசிக்கப் போகிறீர்களா, நூலகத்தில் எடுத்து வாசிக்கப் போகிறீர்களா? நூலகம் என்றால் கிண்டிலை மறந்துவிடலாம். அமெரிக்காவில் நூலக மின்னூலைக் கிண்டிலுக்கு அனுப்பிக்கொள்ளலாம். எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அந்த வசதி கிடையாது. பஃபலோவில் இருக்கும் உறவுக்காரர் படுக்கையில் கிடந்தபடி செய்வதை, நயாகராவுக்கு இப்பால் இருக்கும் நாம் செய்ய முடியாது. கருவி வரும் பெட்டியின் மேல் இதை யாரும் எழுதி வைப்பதில்லை. கழிவு விலையில் கிண்டிலை வாங்கி வந்துவிட்டு, நூலக அட்டை இலக்கத்தை எங்கே பதிவது என்று கேட்டவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள்.

ஆகவே இங்கே நான் எழுதுவது பெரும்பாலும் கோபோவைப் பற்றியது. அது ரொறன்ரோவில் பிறந்த கருவி. இண்டிகோ புத்தகக் கடை நிறுவனத்தின் முயற்சியாக 2009இல் தொடங்கி, 2010இல் முதல் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்து, 2012இல் ஜப்பானின் ரகுட்டன் கைக்குப் போனது. ஆனாலும் தலைமையகம் இன்றும் ரொறன்ரோவில்தான் இருக்கிறது.

தொடக்கக் காலத்தில் நூலகப் புத்தகம் ஒன்றைக் கருவிக்குள் ஏற்றுவதற்கே ஒரு பின்னேரம் போய்விடும். நூலகத் தளத்தில் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தால் புத்தகம் வராது, ‘ஏசிஎஸ்எம்’ என்று முடியும் ஒரு சின்னக் கோப்பு வரும். அதைக் கணினியில் அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் மென்பொருளில் திறக்க வேண்டும். அது ஓர் அடையாளக் கணக்கு கேட்கும். கணக்கைக் கொடுத்தால் கணினிக்கு அனுமதி, பிறகு கருவிக்குத் தனியாக அனுமதி. அதன் பிறகு கேபிளைச் செருகி, புத்தகத்தை இடப்பக்கப் பட்டியலுக்கு இழுத்துப் போட்டு, முறைப்படி கழற்ற வேண்டும். இவ்வளவும் ஓர் இரவல் புத்தகத்துக்கு. நடந்துபோய் நூலகத்திலேயே எடுத்து வந்திருக்கலாமே என்று வீட்டில் சொன்னார்கள். அப்போது அவர்கள் சொன்னதுதான் சரி.

2016இல் வந்த கோபோ ஆரா ஒன் கருவியில், நூலகங்களின் மின்னூல் இரவலை நடத்தும் ஓவர்டிரைவ் சேவை உள்ளேயே சேர்ந்து வந்தது. 2017இல் அதே ஓவர்டிரைவின் நூலக இரவல் செயலியான லிப்பி வந்தது. அதன் பிறகு கேபிளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இப்போது நான் செய்வது இவ்வளவுதான்: கைத்தொலைபேசியில் லிப்பியைத் திறந்து ‘கடன் வாங்கு’ என்பதைத் தொடுகிறேன், கோபோவில் ஒத்திசைவுப் பொத்தானை அழுத்துகிறேன், தேநீர் ஆறுவதற்குள் புத்தகம் முகப்பில் நிற்கிறது. மூன்று வாரம் முடிந்ததும் தானாகத் திரும்பிப் போய்விடுகிறது. தாமதக் கட்டணம் என்ற பேச்சே இல்லை.

கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டியது குளிர்காலத்தில்தான் இருக்கிறது. நான் வைத்திருப்பது பக்கம் புரட்ட ஓரத்தில் நிஜப் பொத்தான் உள்ள லிப்ரா வகை. கடைக்குள் நின்று பார்க்கும்போது அந்தப் பொத்தான் வீண் செலவாகத் தோன்றும். ஜனவரியில் லோரன்ஸ் வீதியில் கையுறையோடு பஸ்ஸுக்கு நிற்கும்போது அதன் அருமை தெரியும். தொடுதிரை கம்பளிக் கையுறையை மதிக்காது, பொத்தான் மதிக்கும். கடுங்குளிரில், காகிதம் போலத் தெரியும் அதன் மின்-மைத் திரையும் சோம்பல்படும். பக்கம் மாறும்போது பழைய எழுத்தின் சாயல் பின்னால் மங்கலாகத் தங்கிவிடும். பஸ்ஸுக்குள் ஏறிச் சற்று நேரம் ஆனால் சரியாகிவிடும். மின்கலம் வாரக்கணக்கில் தாங்குகிறது. கருவி குறித்து வேறு புகார் இல்லை.

புகார் எல்லாம் வரிசை குறித்துத்தான். ரொறன்ரோ பொது நூலகம் 100 கிளைகள் கொண்டது. மின்னூல் இரவலில் உலகின் முன்வரிசை நூலகங்களில் ஒன்று. அப்படிப்பட்ட நூலகத்திலும், பேசப்படும் நாவல் ஒன்றை லிப்பியில் தேடினால் எத்தனை பிரதிகள், அவற்றுக்கு எத்தனை பேர், சுமார் எத்தனை வாரம் என்று ஒரு பட்டியல்தான் எதிரே வந்து நிற்கும். இலையுதிர் காலத்தில் கனடியப் புனைகதைக்கான கில்லர் பரிசுப் பட்டியல் வெளியானாலும், பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசியின் ‘கனடா ரீட்ஸ்’ விவாதத்துக்கு நூல்கள் அறிவிக்கப்பட்டாலும் அந்த எண் கண்முன்னே ஏறும். மின்கோப்புக்கு ஏன் வரிசை என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கோப்பை நகலெடுக்கச் செலவே இல்லை. ஆனால் நூலகம் வாங்குவது கோப்பை இல்லை, உரிமத்தை. ஓர் உரிமம் என்றால் ஒரு நேரத்தில் ஒரு வாசகர். அச்சுப் புத்தகத்தின் தட்டுப்பாட்டை மின்னூலுக்கும் வேண்டுமென்றே பூட்டிவிட்டிருக்கிறார்கள்.

அந்த உரிமமும் நிலைப்பதில்லை. ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் 2011இலேயே 26 இரவல் முடிந்தால் உரிமம் தீர்ந்தது என்று விதி வைத்தது. பெங்குயின் ரேண்டம் ஹவுஸ் 2018இல் நிரந்தர உரிமத்தைக் கைவிட்டு இரண்டாண்டு உரிமத்துக்கு மாறியது. மறு ஆண்டு ஹஷெட், சைமன் அண்ட் ஷுஸ்டர் இரண்டும் அதே வழியில் போயின. மக்மில்லன் இன்னும் ஒரு படி மேலே போய், 2019 நவம்பர் முதல், புதிய மின்னூல் வெளியாகி எட்டு வாரம்வரை ஒரு நூலக அமைப்புக்கு ஒரே ஒரு பிரதிதான் என்றது. ஊர் சிறிதோ பெரிதோ, ஒரு பிரதி! கனடிய நகர்ப்புற நூலகங்களின் கூட்டமைப்பு அந்த ஆண்டு இதையெல்லாம் எதிர்த்துப் பெரிய பிரசாரம் நடத்தியது. 2020 மார்ச்சில் மக்மில்லன் அந்த விதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இரண்டாண்டு உரிமங்கள் நிலைத்துவிட்டன. வாசகர் கொடுக்கும் விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து எடுத்த புத்தகத்தை, காலம் முடிந்ததும் மறுபடி காசு கொடுத்து எடுக்க வேண்டும்.

இது வாசகனின் கையில் எப்படி வந்து விடிகிறது என்று சொல்கிறேன். ஒரு துப்பறியும் வரிசையை மின்னூலாகவே வாசித்து வந்தேன். முதல் இரண்டு பாகமும் கிடைத்தன. மூன்றாவதைத் தேடினால் நான்காவதும் ஐந்தாவதும் இருக்கின்றன, மூன்று இல்லை. முன்பு பட்டியலில் பார்த்த ஞாபகம் எனக்குத் திடமாக இருந்தது. விசாரித்தபோது உரிமக் காலம் முடிந்துவிட்டது, தேவை குறைந்ததால் புதுப்பிக்கவில்லை என்று பதில் வந்தது. அச்சுப் பிரதி ஏதோ ஒரு கிளையில் முதுகு கிழிந்தாவது நின்றிருக்கும். மின்னூல் கிழிவதில்லை, ஒரு நாள் காலையில் இல்லாமல் போகிறது. நூலகரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே பணத்தில் புதிய நூல்களுக்கான வரிசையையும் அவர்கள்தான் குறைக்க வேண்டும்.

எல்லா இடத்திலும் இதே கதை இல்லை. கியூபெக்கில் 2011 முதல் ‘ப்ரே நுமெரிக்’ என்ற பிரெஞ்சு மின்னூல் இரவல் தளம் இருக்கிறது. கியூபெக் நகரத்தின் டி மார்க் நிறுவனம் உருவாக்கிய மென்பொருளில் அது இயங்குகிறது. அங்கே நூலகங்கள் மின்னூலையும் உள்ளூர்ப் புத்தகக் கடைகள் வழியாகவே வாங்குகின்றன. பதிப்பாளர், கடைக்காரர், நூலகம் மூவரும் முதலிலேயே ஒரு மேசையில் உட்கார்ந்து பேசிச் செய்த ஏற்பாடு அது. ஆங்கிலக் கனடாவில் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக் குழுமங்களின் கிளைகள். விதிகள் நியூயார்க்கில் எழுதப்பட்டு நமக்கு வந்து சேர்கின்றன. எனக்கு இதில்தான் எரிச்சல்.

கனடாவின் சிறு பதிப்பகங்களைப் பார்த்தால் நிலைமை வேறு. ரொறன்ரோவின் ஈசிடபிள்யூ பிரஸ், அச்சுப் புத்தகம் வாங்கியவருக்கு மின்னூலையும் இலவசமாகத் தருகிறது. எழுத்தாளர்களுக்கு நூலக இருப்பை வைத்து ஆண்டுதோறும் பணம் வழங்கும் அரசுத் திட்டம் 1986 முதல் இருக்கிறது. 2016 முதல் மின்னூல்களும் அதில் சேர்ந்தன. வரிதான் விசித்திரம். ஒன்ராறியோவில் அச்சுப் புத்தகத்துக்கு 5 சதவீத வரி, அதே புத்தகத்தின் மின்னூலுக்கு முழு 13 சதவீதம். காகிதம் இல்லாததற்குத் தண்டமா என்று கேட்கத் தோன்றும்.

2020 மார்ச்சில் நூலகக் கதவுகள் மூடியபோதுதான், அதுவரை மின்னூலைச் சீண்டாதவர்களும் லிப்பிக்குள் வந்தார்கள். வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை. 2023 ஒக்டோபர் இறுதியில் ரொறன்ரோ பொது நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. தளமும் பட்டியலும் மாதக்கணக்கில் முடங்கின. மக்கள் திருப்பிக் கொடுத்த அச்சுப் புத்தகங்களைக் கணினியில் வரவு வைக்க வழியில்லாமல் ட்ரெயிலர்களில் அடுக்கி வைத்தார்கள். காகிதம் என்றால் எந்தத் தொழில்நுட்பக் கோளாறும் தொடாது என்று வாதாடும் நண்பர்களிடம் நான் இதைச் சொல்லிக் காட்டுவதுண்டு.

வீட்டில் மின்னூலால் உண்மையில் பயன்பெற்றவர் மாமியார். அவருக்குக் கண்புரை முற்றியிருந்த காலத்தில் எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு பக்கத்துக்குச் சில வரிகள் மட்டும் வரும்படி வைத்துக் கொடுத்தேன். ஆங்கில நாவல்களை அப்படியே வாசித்து முடித்தார். அச்சை வாசிக்க இயலாதவர்களுக்கான நூல்களை நாடுகளுக்கு இடையே பகிர வழிசெய்யும் மராக்கேஷ் ஒப்பந்தத்தில் 2016 ஜூனில் இருபதாவது நாடாகக் கனடா சேர்ந்த பிறகே அது நடைமுறைக்கு வந்தது. 2019 வரவுசெலவுத் திட்டத்தில் பதிப்பகங்கள் அணுகத்தக்க மின்னூல்களை உருவாக்க ஐந்து ஆண்டுகளுக்கு 2.28 கோடி டொலர் ஒதுக்கினார்கள். எழுத்துருவைப் பெரிதாக்குவது, திரைவாசிப்பான் சொல்லிக்கொண்டு போவது, படங்களுக்கு விளக்கம் இருப்பது போன்றவை தாமாக நடப்பவை இல்லை. யாராவது கோப்பைச் சரியாகக் கட்டினால்தான் நடக்கும்.

மாமியார் தமிழில் கேட்டபோதுதான் நான் கையைப் பிசைந்தேன். ஸ்காபரோவின் கிளை நூலகங்களில் தமிழ் அச்சுப் புத்தகங்கள் அலமாரியில் நிற்கின்றன. லிப்பியில் நான் தேடும் தமிழ் நூல் பெரும்பாலும் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டுப் பதிப்பகங்கள் மின்னூலென்றால் பெரும்பாலும் கிண்டிலுக்குத்தான் போகின்றன. 2016 இறுதியில் கிண்டில் தமிழுக்கு வந்தது முதல் அதுவே வழக்கமாகிவிட்டது. ஈழத்து நூல்களுக்கு ‘நூலகம்’ என்ற பெயருள்ள நிறுவனத்தின் இணைய நூலகம் இருக்கிறது. அங்கே கிடைப்பவை பெரும்பாலும் பக்கங்களை ஒளிவருடிய பிடிஎஃப் கோப்புகள். ஏழு அங்குலத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி வெளியே ஓடிவிடும், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடம் வலமாக இழுக்க வேண்டும். அதற்குப் பெரிய டேப்லட்தான் தோது. ஆகக் கனடிய நூலகத்துக்குக் கோபோ, தமிழ் வாங்கி வாசிக்கக் கிண்டில், பழைய ஈழத்து இதழ்களுக்கு டேப்லட் என்று வீட்டில் மூன்று கருவிகள் கிடக்கின்றன. மூன்றுக்கும் மூன்று மின்னூட்டிகள்.

வரிசையைச் சமாளிக்க நான் கண்ட வழி, பரிசுப் பட்டியல் வரும் முன்பே கனடியப் புதிய நூல்களுக்கு முன்பதிவு போட்டுவைப்பது. முறை வந்தபோது கையில் வேறு புத்தகம் இருந்தால் ‘பிறகு அனுப்பு’ என்பதைத் தொட்டால் போதும், இடம் போகாது, அடுத்தவருக்குப் பிரதி போகும். எடுத்த புத்தகம் பிடிக்காவிட்டால் மூன்று வாரம் வைத்திருக்காமல் அன்றே திருப்பிவிடுங்கள். பின்னால் நிற்பவரின் வாரக் கணக்கு அதனால்தான் குறைகிறது.

2024இல் கோபோ வண்ணத் திரைக் கருவிகளைக் கொண்டுவந்தது. மின்கலம் போன்ற பாகங்களை நாமே மாற்றிக்கொள்ள, பழுதுபார்க்கும் வழிகாட்டிகளைத் தரும் ஐஃபிக்ஸிட் நிறுவனத்தோடு சேர்ந்து வழியும் செய்திருக்கிறார்கள். பழுதுபார்க்கும் வசதி எனக்குப் பிடித்திருக்கிறது. வண்ணம் சித்திரக்கதை வாசிப்பவர்களுக்கு நல்லது. நாவல் வாசிக்கிறவருக்கு அந்தத் திரையின் பின்புலம் கறுப்பு வெள்ளைத் திரையைவிடச் சற்று இருண்டு தெரியும். விளக்கைக் கூட்டி வைத்துத்தான் வாசிக்க வேண்டும். என் பழைய கருவி ஓயும்வரை நான் மாற்றப் போவதில்லை.