குடி திடீர்னு நின்னவருக்கு ஐசியூ ட்ரீட்மென்ட், எங்க ரிவ்யூ

மாமாவை நிமோனியான்னு சேர்த்தோம், ஆனா குடி நின்ன ரெண்டு மூணு நாள்லயே கை நடுக்கம், வேர்வை, இல்லாத ஆளுங்களோட பேசுறதுன்னு ஆரம்பிச்சிடுச்சு. இது குடி நின்னதால வந்ததுன்னு டாக்டர் உடனே புரிஞ்சுக்கிட்டாரு, ஏன்னா அட்மிஷன்லயே எவ்ளோ குடிப்பாரு, கடைசியா எப்போ குடிச்சாருன்னு துருவித் துருவி கேட்டிருந்தாங்க, தயவுசெஞ்சு யாரும் வெக்கப்பட்டு இதை மறைக்காதீங்க. லிவர் வீக்கா இருந்ததால டயஸிபாம் வேணாம்னு அதே வகையைச் சேர்ந்த, பதட்டத்தையும் ஃபிட்ஸையும் அடக்குற லோராசிபாம் ஊசி, அதையும் நடுக்கம், பதட்டம் எவ்ளோன்னு பாத்து பாத்துதான் குடுத்தாங்க, தயமினும் (வைட்டமின் பி1) முதல்லயே போட்டுட்டாங்க. அப்புறம் டெக்ஸ்மெடிடோமிடின்ங்கிற அமைதிப்படுத்துற மருந்தைச் சேர்த்தப்ப நர்ஸ் அக்கா தெளிவா சொன்னாங்க, இது படபடப்பை அடக்கும் ஆனா ஃபிட்ஸைத் தடுக்காது, அதனால லோராசிபாமை நிறுத்த முடியாதுன்னு. லோராசிபாம்ல மூச்சு குறையலாம்னு ராத்திரி முழுக்க மானிட்டரை விட்டு நகரவே இல்ல, கையெடுத்துக் கும்பிடணும் அவங்கள.

ஒரே குறை, மாமா கையைக் கட்டி வச்சதை முன்னாடியே எங்ககிட்ட சொல்லல, அத்தை பாத்துட்டு அழுதுட்டாங்க. அஞ்சுக்கு நாலு ஸ்டார். டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே குடியை விட கவுன்சலிங்கும் ஏற்பாடு பண்ணிக் குடுத்தாங்க, மாமா போயிட்டு இருக்காரு.