இரண்டு நாள் குவில்ட் வகுப்பும் ஒரு கால் இஞ்ச்சும்

திண்டுக்கல்லில் வீட்டு மாடியில் 22 வருஷமாகப் பிளவுஸ் தைக்கிறேன். பிளவுஸ் தைப்பவர் வீட்டில் வேறு எது இருக்கிறதோ இல்லையோ, வெட்டுத்துணி மூட்டை இருக்கும். என்னிடம் மூன்று மூட்டை. சின்னாளபட்டிச் சுங்குடியில் வெட்டியது, லைனிங்கில் மிஞ்சியது, பட்டு பிட்டில் கைக்குப் போக மீந்தது. தூக்கிப் போட மனசு வராது. பெங்களூரில் இருக்கும் மகள்தான், "அம்மா, அந்த மூட்டைக்கு ஒரு வழி பண்ணு" என்று சொல்லி, சென்னையில் நடந்த இரண்டு நாள் குவில்ட் வகுப்புக்குப் பணம் கட்டினாள். துணித் தேர்வும் டிசைனும் என்று தலைப்பு. 6,500 ரூபாய், மதியச் சாப்பாடு சேர்த்து.

இடத்தின் பெயரைப் போடவில்லை. நல்லதும் எழுதப் போகிறேன், குறையும் எழுதப் போகிறேன். நடத்துகிறவர் வாடகை இடத்தில் தனி ஆளாக ஓட்டுகிற பெண். நானும் வீட்டில் உட்கார்ந்து தொழில் செய்கிறவள்தான். ஒரு கஸ்டமர் தெருமுனையில் சொல்லிவிட்டுப் போகும் ஒரு வார்த்தை என்ன பண்ணும் என்று எனக்குத் தெரியும்.

வைகையில் ஏறி தாம்பரத்தில் இறங்கி, குரோம்பேட்டையில் தங்கை வீட்டில் தங்கினேன். மறுநாள் காலை பத்து மணிக்கு வகுப்பு. மொத்தம் பன்னிரண்டு பேர், பாதிக்கு மேல் ஐடியில் வேலை பார்க்கும் பெண்கள். ஊசியில் நூல் கோக்கவே இரண்டு பேருக்கு நான்தான் உதவி செய்தேன். மதியத்துக்குள் எல்லோருக்கும் நான் "ஆன்ட்டி" ஆகிவிட்டேன், டீச்சருக்கு மட்டும் "அக்கா".

குவில்ட் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மேலே ஒட்டுப்போட்ட துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்துத் தைப்பது. பழைய சேலையை நாலாக மடித்து ஓட்டுத் தையல் போட்டு என் ஆச்சி குழந்தைக்கு விரித்ததும் கிட்டத்தட்ட இதுதான். அதனால் கொஞ்சம் இளக்காரமாகத்தான் போய் உட்கார்ந்தேன், மறைப்பானேன்.

இளக்காரம் பதினொன்றரை மணிக்குப் போய்விட்டது.

வீட்டிலிருந்து பன்னிரண்டு துண்டு கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். நான் கொண்டுபோனதில் எனக்கே பெருமையான ஜோடி ஒன்று உண்டு: அரக்குப் பட்டும் கரும்பச்சைப் பட்டும். கல்யாணச் சேலையில் உடம்பும் பார்டரும் அப்படி வந்தால் கடைக்காரர் 'கான்ட்ராஸ்ட்டும்மா' என்று தனியாக விரித்துக் காட்டுவார். அதை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். டீச்சர் நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அக்கா, உங்க போன்ல ஒரு போட்டோ எடுங்க. எடுத்துட்டு அதைக் கறுப்பு வெள்ளையா மாத்துங்க" என்றார். மாற்றினேன். இரண்டு துணியையும் காணோம். ஒரே சாம்பல் திட்டு. எது எங்கே முடிகிறது என்று கோடுகூடத் தெரியவில்லை.

எனக்கு உடனே எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் அம்மா அப்பா கல்யாணப் போட்டோ ஞாபகம் வந்தது. அம்மாவின் கூறைப்புடவை அரக்கு, பார்டர் பச்சை என்பது பீரோவில் சேலை இருப்பதால் தெரியும். போட்டோவில் சேலை முழுக்க ஒரே கறுப்பு. ஜரிகை மட்டும் வெள்ளைக் கோடாக ஓடும். பிறந்ததிலிருந்து பார்க்கிற படம். அதில் பார்டர் எங்கே போனது என்று ஐம்பத்தொரு வயது வரை நான் கேட்டதே இல்லை.

நிறம் வேறு, அடர்த்தி வேறு. சிவப்பும் பச்சையும் நிறத்தில் எதிரெதிர், ஆனால் இரண்டும் ஒரே அளவு இருட்டாக இருந்தால் தூரத்தில் ஒன்றோடொன்று கரைந்துவிடும். டிசைன் தெரிவது வெளிர், நடுத்தரம், அடர் என்ற வித்தியாசத்தில்தான். அப்படியானால் பட்டுச்சேலையில் மட்டும் பார்டர் எப்படி எடுப்பாகத் தெரிகிறது என்று கேட்டேன். டீச்சர் கொஞ்சம் யோசித்தார். பதில் எனக்கே கிடைத்தது: நடுவில் ஜரிகை ஓடுகிறதே! இரண்டு இருட்டுக்கு நடுவில் ஒரு வெளிச்சக் கோடு. நெய்கிறவர்களுக்கு இது தெரிந்தே இருந்திருக்கிறது. சிவப்புக் கண்ணாடித்தாள் வழியாகப் பார்க்கும் முறையும் சொன்னார்கள். அது சிவப்புத் துணியில் ஏமாற்றும், எல்லாம் வெளிறித் தெரியும். போன்தான் உத்தமம்.

அப்புறம் நாள் பூராவும் துணிகளை நிறம் பார்க்காமல் இருட்டு வெளிச்சம் பார்த்துப் பிரிக்கவிட்டார். மஞ்சள் என்றால் எல்லாம் வெளிர் என்று நினைத்திருந்தேன். மாம்பழ மஞ்சள் நடுத்தரத்தில் போய் உட்கார்ந்தது. அடுத்து பிரிண்ட். என் பையில் இருந்ததெல்லாம் சுங்குடிப் புள்ளி, சின்ன புட்டா. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் எல்லாம் பிளெயின் துணி மாதிரிதான். ஒரு பெரிய பூ, ஒரு சின்ன பூ, ஒரு கட்டம், ஒரு பிளெயின் என்று கலந்தால்தான் கண் ஓடும், நிற்கும். இதைப் பேச்சாகச் சொல்லாமல், சுவரில் அடித்திருந்த வெள்ளைப் பிளானல் துணியில் எங்களையே ஒட்டவைத்தார். பருத்தித் துண்டு பிளானலில் ஊசி இல்லாமலே ஒட்டிக்கொள்கிறது. ஒட்டு, பத்தடி போ, பார், திரும்பி வந்து மாற்று. இந்த அரை நாளுக்கே 6,500 கொடுக்கலாம் என்பது என் கணக்கு.

துணியின் தரம் பற்றிச் சொன்னதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. வெளிநாட்டுக் குவில்டிங் காட்டன்தான் சிறந்தது என்ற தொனி இருந்தது. ஓரத்தில் விற்பனைக்கும் வைத்திருந்தார், மீட்டர் ஆயிரத்தைத் தொடுகிற விலை. நல்ல நெருக்கமான நெசவு, வெட்டினால் பிசிறாது, வாஸ்தவம்தான். ஆனால் நம் கடையில் லைனிங்குக்கு வாங்குகிற நல்ல கேம்பிரிக், பாப்ளின் இரண்டும் தாராளமாக ஆகும். ஆகாதது மல் என்கிற மெல்லிய பருத்தித் துணி. நழுவும், தையலோடு இழை உருவிக்கொண்டு வரும். தளர்வான கைத்தறியும் அப்படித்தான். பட்டு பிட்டுக்கு அடியில் மெல்லிய கேன்வாஸை அயர்ன் வைத்து ஒட்டிவிட்டு வெட்டினால் அடங்கும். இது பிளவுஸ் கழுத்துக்கு நாம் தினமும் செய்கிற வேலை. நான் செய்து காட்டினேன், டீச்சர் நோட்டில் எழுதிக்கொண்டார். அந்தக் குணம் எனக்குப் பிடித்தது.

இப்போது அந்தக் கால் இஞ்ச்.

பிளவுஸில் பக்கத் தையலுக்கு உள்ளே ஒரு இஞ்ச்சாவது விட்டுத் தைப்போம். உடம்பு கூடினால் பிரிக்க வேண்டுமே. குவில்டில் எல்லாத் தையலும் கால் இஞ்ச்தான், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. 'இதிலென்ன' என்று நினைத்தேன். டீச்சர் ஒரு பரீட்சை வைத்தார்: ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டு, சேர்த்துத் தை, அயர்ன் பண்ணு, நடுப்பட்டையை அள. சரியாக ஒரு இஞ்ச் இருக்க வேண்டும். என்னுடையது ஒரு இஞ்ச்சுக்கு ஒன்றரை நூல் குறைவு (எங்கள் கணக்கில் எட்டு நூல் ஒரு இஞ்ச்). 22 வருஷ அனுபவம்! பக்கத்தில் இருந்த ஐடி பெண்ணுக்குச் சரியாக வந்திருந்தது. கை பழகாதவள், மெஷின் தட்டில் ஒட்டிய டேப்பைப் பார்த்தே ஓட்டினாள். நான் கையை நம்பினேன்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், தையல் ஒவ்வொன்றிலும் அரை நூல், அதாவது இஞ்ச்சில் பதினாறில் ஒரு பங்கு, கூடப் பிடித்தால் இரண்டு பக்கத்துத் துணியும் சேர்த்து ஒரு நூல் போய்விடும். வரிசையில் ஒன்பது கட்டம் என்றால் எட்டுத் தையல். எட்டு நூல் என்பது முழுசாக ஒரு இஞ்ச். அடுத்த வரிசையை வேறு ஒருவர் தைத்திருந்தால் முனையோடு முனை சேரவே சேராது. அயர்னையும் தேய்க்காமல், தூக்கித் தூக்கி அழுத்தச் சொன்னார். தேய்த்தால் துணி இழுபட்டுக் கோணும். இந்த இடத்தில் டீச்சருக்கு முழு மார்க்.

இரண்டாம் நாள் டிசைன். அன்றுதான் சறுக்கல். கிராஃப் தாளும் கலர் பென்சிலும் கொடுத்து ஒன்பது கட்டம், முக்கோணம், நடுவில் ஒரு சதுரம் வைத்துச் சுற்றிலும் பட்டை போடும் 'லாக் கேபின்' என்று மூன்று பிளாக் (போர்வையில் திரும்பத் திரும்ப வரும் சதுர டிசைன்) போடச் சொன்னார். லாக் கேபினில் பாதிப் பக்கம் வெளிர், பாதிப் பக்கம் அடர் வைத்துவிட்டால், அதே பிளாக்கைத் திருப்பித் திருப்பி அடுக்கியே வைரம், ஏணி, மின்னல் என்று என்னென்னவோ வருகிறது. நேரம் போனதே தெரியவில்லை. டீச்சருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது, மூன்று மணி ஆகிவிட்டது. மிச்சமெல்லாம் அரக்கப்பரக்க.

முக்கோணத்தைக் குறுக்கு வாட்டில் வெட்டும்போது அந்த ஓரம் இழுபடும் என்பதை ஒரே வரியில் தாண்டிப் போனார். கிராஸ் பீஸ் வெட்டிய எனக்குப் புரிந்தது. முதல் தடவை கத்தரி பிடித்தவர்களுக்கு எப்படிப் புரியும்? நாலு பேருடைய முக்கோணம் அலையலையாக நின்றது. பன்னிரண்டு பேருக்கு ஆறு மெஷின் வேறு. பாதி நேரம் அடுத்தவர் எழுந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பெரிய குறை, எவ்வளவு துணி வாங்க வேண்டும் என்ற கணக்கைச் சொல்லித் தராதது. அவர் கஜத்தில் பேசுகிறார், 'ஃபேட் குவார்ட்டர்' என்கிறார் (18க்கு 22 இஞ்ச் துண்டு). நம் கடைக்காரர் மீட்டரில் கிழிக்கிறார். நடுவில் நாம். ஊருக்கு வந்து நானே போட்டுப் பார்த்தேன். 36க்கு 48 இஞ்ச்சில் ஒரு குழந்தைப் போர்வை. ஒன்பது கட்ட பிளாக், தைத்த பிறகு 6 இஞ்ச். அப்படி 48 பிளாக். ஒன்றுக்கு 5 அடர், 4 வெளிர், எல்லாம் இரண்டரை இஞ்ச் சதுரமாக வெட்ட வேண்டும். அடர் 240, வெளிர் 192. அகலம் 42 இஞ்ச் உள்ள துணியில் இரண்டரை இஞ்ச் பட்டை ஒன்றுக்கு 16 சதுரம். அடருக்கு 15 பட்டை, முப்பத்தேழரை இஞ்ச். ஒரு மீட்டருக்குள் அடங்கும், ஆனால் நனைத்தால் சுருங்கும், மேலே கால் மீட்டர் சேர்த்து வாங்குவதே நல்லது. வெளிருக்கு 12 பட்டை, 30 இஞ்ச். முக்கால் மீட்டர் போதுமே என்று வாங்கினால் அரை இஞ்ச் பற்றாது. அந்த அரை இஞ்சுக்கு மறுபடி கடைக்குப் போனால் அதே துணிச் சுருளில் மிச்சம் இருக்காது. தையல்காரர்களுக்குத் தெரியும் இந்த வேதனை.

அப்புறம் சாயம். வகுப்பில் கொடுத்த துணிப் பொட்டலத்தில் ஒரு மெரூன், ஒரு சந்தன நிறம். முதலில் நனைத்துக் காயவைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானாவது யோசித்திருக்க வேண்டும், கொடுத்ததைக் கொடுத்தபடி தைத்துவிட்டேன். வீட்டில் முதல் துவையலில் மெரூன் கசிந்து சந்தனம் ரோஜாவாகிவிட்டது. ஒரு வெள்ளைத் துணியை ஈரமாக்கி மெரூன் மேல் வைத்து அயர்ன் அழுத்தியிருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

நடுவில் வைக்கக் கொடுத்தது பாலியஸ்டர் பஞ்சு. ஏசி அறையில் நன்றாகத்தான் இருந்தது. திண்டுக்கல்லில் சித்திரை மாதம் அதைப் போர்த்திக்கொண்டு படுத்துப் பாருங்கள். நான் அடுத்ததற்குப் பழைய நாலு முழ வேட்டியை இரண்டாக மடித்து நடுவில் வைத்திருக்கிறேன். மெல்லிசு, காற்றும் போகும்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. முதல் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் சொக்கிக்கொண்டு இருந்தபோது, கர்நாடகத்து உத்தர கன்னடப் பக்கம் வாழும் சித்தி இனப் பெண்கள் தைத்த கவந்தி என்ற ஒட்டுப்போர்வை ஒன்றை டீச்சர் விரித்தார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். தைப்பது வெளி ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி உள்ளே போய் நடுவில் முடிகிறது. கிராஃப் தாள் இல்லை, கால் இஞ்ச் இல்லை. பழைய சேலை, பழைய சட்டை. நாலு மூலையிலும் மடித்த சின்ன முக்கோணம், அதற்குப் பெயர் பூ. கூடவே அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் ஊர்க் கறுப்பினப் பெண்களின் போர்வைப் படங்களைக் காட்டினார். வேலைக்குப் போட்டுக் கிழிந்த பேண்ட்டின் முழங்கால் வெளிறியது வெளிறியபடியே அதில் இருக்கிறது. அவை 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்துக்கும் பிறகு நியூயார்க்குக்கும் போய்ச் சுவரில் தொங்கின. 2006இல் தபால்தலையாகவும் வந்தன. என் மூன்று மூட்டை ஞாபகம் வந்தது. காலையில் மீட்டர் ஆயிரம் ரூபாய்த் துணியைக் காட்டியவரே மதியம் இதையும் காட்டினாரே என்று ஒரு சிரிப்பும் வந்தது.

பத்துக்கு ஏழு கொடுப்பேன். தைக்கவே தெரியாதவர்கள் முதலில் மெஷின் ஓட்டப் பழகிக்கொண்டு போவது நல்லது. இல்லாவிட்டால் இரண்டாம் நாள் வீண். தைக்கத் தெரிந்தவர்கள் முதல் நாளுக்காகவே போகலாம். தனியாக முதல் நாள் மட்டும் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள், நான் கேட்டபோது யோசிக்கிறேன் என்றார். போகிறவர்கள் சொந்தக் கத்தரிக்கோலை எடுத்துப் போங்கள். அங்கே இருந்த நாலும் மொக்கை.