கண்புரை ஆபரேஷன்: சேலத்தில் தங்குவதா, அன்றைக்கே ஏற்காடு ஏறுவதா?

அம்மாவுக்கு வலது கண்ணில் புரை. சேலத்தில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. "ஒரு வாரம் இங்கயே இருந்துக்கோக்கா" என்கிறார் அஸ்தம்பட்டிச் சித்தி. அம்மாவுக்கோ சாயங்காலமே ஏற்காட்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். இதற்கு நடுவில், மலை ஏறினால் கண்ணில் அழுத்தம் கூடிவிடும் என்று யாரோ பயமுறுத்திவிட்டார்கள்.

முதலில் அந்தப் பயம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். உயரத்தால் உடம்பு தடுமாறுவது பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான். கண்ணுக்குள் இருப்பது நீர். வெளியே காற்றழுத்தம் குறைந்தாலும் அது விரியாது. ஆக, புரை ஆபரேஷன் செய்தவருக்கு ஏற்காட்டின் உயரம் ஒரு தடையே இல்லை.

விழித்திரை ஆபரேஷன் என்றால் கதை வேறு. அதில் சிலருக்குக் கண்ணுக்குள் வாயுக் குமிழ் வைப்பார்கள். மேலே ஏற ஏற அது விரியும், பார்வையே பறிபோகலாம். குமிழ் கரைய வாயுவைப் பொறுத்து இரண்டு வாரமும் ஆகும், இரண்டு மாதமும் ஆகும். டாக்டர் சரி என்று சொல்லும்வரை அவர்கள் அடிவாரத்தைத் தாண்டவே கூடாது.

அம்மாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அம்மாவுக்கு எட்டாவது வளைவிலேயே குமட்டும். வாந்தியில் முக்குவது புதுப் புண்ணுக்கு நல்லதில்லை. ஒலி அலையால் புரையை உடைத்து உறிஞ்சும் பேகோ முறையில் கீறல் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். தையலில்லாமல் கையால் புரையை எடுக்கும் முறையில் ஆறேழு மில்லிமீட்டர் வரும். அதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். மறுநாள் காலை பரிசோதனைக்கு அதே வளைவுகளில் இறங்கவும் வேண்டும். இதையெல்லாம்விட என்னைக் கவலைப்படுத்துவது கிருமித்தொற்று. அரிதுதான், ஆனால் வந்தால் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே வரும். வலி கூடி, கண் சிவந்து, பார்வை மங்கினால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ராத்திரி பனிமூட்டத்தில் மலையிறங்கும் நிலை வேண்டாம்.

ஏற்காட்டு வீட்டுக்கும் ஒரு பலம் உண்டு, அதை லேசாகத் தள்ள முடியாது. ஒரு கண் மூடியிருந்தாலும் அம்மாவுக்கு அங்கே படி எது, பாத்ரூம் எது என்று கால் அறியும். சித்தி வீட்டில் விழுந்துவிட்டால்? அதனால் இரவு விளக்கு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டு விறகடுப்புப் புகைக்கு என்னிடம் மாற்று இல்லை.

என் கட்சி சித்தி கட்சிதான்.

ஊர் திரும்பிய பிறகு வெயிலைக் கவனிக்க வேண்டும், அதிலுள்ள புற ஊதாக் கதிர் புரையைக் கூட்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் அளவுக்குக் கூடும். மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுக்காது. குளிர்கிறதே என்று வெயிலை மறந்துவிடுகிறோம். ஆனால் உயரம் மட்டுமே கணக்கில்லை, நிழலும் முக்கியம்: நேபாளத்தைப் பற்றி 1983இல் வெளிவந்த ஆய்வில் உயரமான ஊர்களில் புரை குறைவாகவே இருந்தது. சுற்றியிருந்த மலைகள் வெயிலை மறைத்ததுதான் காரணம் என்றார்கள். எங்கள் காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழல் இருக்கிறது; மிளகு காயவைக்கும் களத்தில் இல்லை. அங்கே அம்மாவுக்குத் தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம், இடது கண்ணில் இன்னும் சொந்த லென்ஸ்தானே இருக்கிறது.

அம்மா இப்போதைக்கு நாலு நாளுக்குச் சம்மதித்திருக்கிறார். மீதி மூன்று நாளுக்குச் சித்தி பேசிக்கொண்டிருக்கிறார்.