பிரெட்போர்டா, சிமுலேட்டரா?

உயர்நிலை 3-இல் இயற்பியல் எடுத்த பிள்ளை மின்சுற்றுப் பாடத்துக்கு வந்ததும் இந்தக் கேள்வி வீட்டுக்குள் வந்துவிடும். பாகங்களை வாங்கி, பிரெட்போர்டு என்ற துளைப் பலகையில் செருகிப் பழகுவதா, கணினித் திரையிலேயே சுற்றை அமைத்துப் பார்க்கும் சிமுலேட்டர் போதுமா?

சிமுலேட்டருக்குக் காசு செலவில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET), ஆட்டோடெஸ்க்கின் டிங்கர்கேட் இரண்டும் இலவசம். பெட் மின்னோட்டத்தை நகரும் புள்ளிகளாகக் காட்டுகிறது; என் கணக்கில் அதுதான் பெரிய லாபம். பல்பைத் தாண்டினால் மின்னோட்டம் குறைந்துவிடும் என்று நம்பும் பிள்ளைகள் நிறைய. இரு பக்கமும் புள்ளிகள் ஒரே வேகத்தில் போவதைப் பார்த்தால் அந்த எண்ணம் ஆட்டம் காணும். பிரெட்போர்டில் அம்மீட்டரை இரண்டு இடத்தில் வைத்து அளந்துதான் நம்ப வேண்டும்.

ஆனால் சிமுலேட்டரில் எல்லாமே சொன்ன பேச்சைக் கேட்கும். நிஜப் பாகங்கள் கேட்காது. 9 வோல்ட் பேட்டரியோடு 1 மெகாஓம் ரெசிஸ்டர் (மின்தடை) இரண்டைத் தொடராக இணைத்தால், ஒன்றின் குறுக்கே 4.5 வோல்ட் இருக்க வேண்டும். வோல்ட், ஆம்பியர், ஓம் எல்லாம் அளக்கும் மல்டிமீட்டரை, 10 மெகாஓம் உள்தடை கொண்டதை, வைத்துப் பாருங்கள், சுமார் 4.3 தான் காட்டும். மீட்டர் அந்த ரெசிஸ்டருக்குப் பக்க இணைப்பாகிச் சுற்றையே மாற்றிவிடுகிறது. பக்க இணைப்பில் தடை ஏன் குறைகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

எல்இடியும் அப்படித்தான். சிவப்பு எல்இடி ஏறக்குறைய 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். அதே 9 வோல்ட் பேட்டரியில் மீதி 7 வோல்ட். எல்இடியில் 20 மில்லியாம்பியர் ஓட வேண்டுமென்றால், 7 வோல்ட்டை அதால் வகுக்க, தேவையான ரெசிஸ்டர் 350 ஓம். கடையில் எளிதாகக் கிடைப்பது 330, 390, 470. நான் 470 போடுவேன். வெளிச்சம் கொஞ்சம் குறையும், எல்இடி பிழைக்கும். ரெசிஸ்டரே இல்லாமல் மாட்டினால் அது கருகிவிடும். கருகட்டும், விலை மலிவுதான்!

சில பெரிய பிரெட்போர்டுகளில் பேட்டரியை இணைக்கும் ஓரத்துத் துளை வரிசை நடுவில் துண்டாகியிருக்கும். பாதி சுற்று செத்துக் கிடந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

ஒட்டவைத்து விளையாடும் ரெடிமேட் கிட் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சரி, தேர்வு எழுதுபவருக்குப் போதாது.

தொடர், பக்க இணைப்புகள் பிடிபடும்வரை பெட், அப்புறம் தாமதிக்காமல் பிரெட்போர்டு. இதுதான் என் வரிசை. பாகங்களுக்குச் சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து ஜாலான் புசார் பக்கம் நடந்தால் சிம் லிம் டவர். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர் வேறு கட்டடம். காசு ஒரு பொருளுக்குத்தான் என்றால் மல்டிமீட்டரை வாங்குங்கள். சோதனை எல்லாம் பேட்டரியோடு நிற்கட்டும். சுவர் பிளக்கில் இருப்பது 230 வோல்ட்.