செல்ஃப் மேட், தி பேங்கர்: எதைப் பார்க்கலாம்?

இரண்டும் 2020-இல் வந்தவை. இரண்டும் அமெரிக்காவில் பணம் சம்பாதித்த கறுப்பினத்தவரின் வாழ்க்கைக் கதைகள்.

நேரம்: செல்ஃப் மேட் நெட்ஃபிளிக்ஸில் 4 பாகத் தொடர். தி பேங்கர் ஆப்பிள் டிவியில் ஒரே படம்.

பெண்கள்: செல்ஃப் மேடில் கதையே அவர்களுடையது. 1867-இல் லூசியானாவில் பிறந்து, கூந்தல் பொருட்கள் விற்று உயர்ந்த மேடம் சி.ஜே. வாக்கராக ஆக்டேவியா ஸ்பென்சர் நடித்திருக்கிறார். தி பேங்கரில் பெயர் சொல்லும்படி இருப்பது நாயகன் பெர்னார்ட் கேரட்டின் மனைவி யூனிஸ் மட்டும்தான்.

நிறவெறி: இதில் தி பேங்கர்தான் ஆழம். கட்டடமும் வங்கியும் வாங்கப் பணம் இருந்தும் பெர்னார்டும் அவருடைய கூட்டாளி ஜோ மாரிஸும் வெள்ளைக்காரர் ஒருவரை முதலாளியாகக் காட்ட வேண்டியிருக்கிறது. அவருக்குக் கோல்ஃபும் கணக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு, சொந்தக் கட்டடத்துக்குள் இவர்கள் வேலையாட்களாக நுழைகிறார்கள்! கோபம் வருகிறது, வரத்தான் வேண்டும்.

உண்மைக்கு நேர்மை: செல்ஃப் மேட் இங்கே சறுக்குகிறது. ஆனி மலோன் என்ற நிஜத் தொழிலதிபரை வேறு பெயரில், வெளிர்நிற வில்லியாக்கியது அநியாயம். அவரும் கறுப்பினப் பெண்களுக்கு வழிகாட்டியவர்தானே.

பெண் தொழில்முனைவோர் கதை வேண்டுமென்றால் செல்ஃப் மேட், மலோனைப் பற்றியும் தேடிப் படித்துவிடுங்கள். அமைப்பு எப்படிக் கதவடைத்தது என்று புரிய தி பேங்கர். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், என் ஓட்டு தி பேங்கருக்கு.